சுவரில் இரண்டு எண்கள்: நகரத்துக்குள் போன செக் ஊர்கள்

பிராக் நகரத்தில் ‘நடனமாடும் வீடு’ என்று ஒரு கட்டடம் உண்டு. ஒரு ஜோடி கைகோத்து ஆடுவதுபோல, கண்ணாடிக் கோபுரம் ஒன்று இடுப்பை ஒடித்துச் சாய்ந்திருக்கும். பக்கத்தில் இன்னொன்று அதைத் தாங்கிப் பிடித்ததுபோல நிமிர்ந்து நிற்கும். செக் நாட்டுக்குப் போய்வந்தவர்களின் போனில் இதன் படம் இல்லாமல் இருக்காது. முகவரி: யிராஸெக் சதுக்கம், 1981/6.

1981 என்றதும் கட்டிய வருஷம் என்று தோன்றும். இல்லை, கட்டி முடித்தது 1996. அப்படியானால் அந்த 1981 எது, 6 எது?

6 சுலபம். சதுக்கத்தில் வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தால் அந்த வாசல் 6. நமக்குத் தெரிந்த கதவு எண்தான். கட்டடம் மூலையில் இருப்பதால் ஆற்றங்கரைச் சாலைப் பக்கமும் அதற்கு ஒரு முகவரி இருக்கிறது; அங்கே அது 1981/80. தெரு மாறியதும் 6 போய் 80 வந்துவிட்டது. 1981 மட்டும் அசையவில்லை. காரணம், அது தெருவின் கணக்கில் இல்லை, ஊரின் கணக்கில் இருக்கிறது. எந்த ஊர்? பிராக் என்று சொன்னால் தப்பு. ‘நோவே மெஸ்டோ’, அதாவது ‘புது நகரம்’ என்ற ஊரின் கணக்கு. மன்னர் நான்காம் சார்லஸ் 1348-ல் உண்டாக்கிய அந்த நகரம், 1784-லேயே பிராக்கோடு கலந்துவிட்டது. கலந்து 200 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு கட்டிய வீட்டுக்கும் அந்தப் பழைய ஊரின் பட்டியலிலிருந்துதான் எண்.

ஒரு நகரம் பக்கத்து ஊர்களைத் தனக்குள் சேர்த்துக்கொள்வது உலகம் முழுக்க நடப்பதுதான். செக் நாட்டில் அது நடந்த விதத்தில் ஒரு தனித்தன்மை இருக்கிறது. ஊரின் ஆட்சி போகும்; அதன் கணக்கு மட்டும் அழியாமல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சுவரிலிருந்தே தொடங்கலாம்.

ஆள் பிடிக்க வந்த எண்

செக் பகுதிகளை அப்போது ஆண்ட மரியா தெரேசா அரசியின் காலத்தில், 1770-ல், வீடுகளுக்கு எண் போடச் சொல்லி உத்தரவு வந்தது. தபால்காரருக்கு உதவுவதற்காக அல்ல, பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதற்காக. எந்த வீட்டில் எத்தனை ஆண்பிள்ளைகள் என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும். அதற்கு வீட்டுக்கு ஓர் அடையாளம் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் 1-லிருந்து தொடங்கி எண்ணிக்கொண்டே போனார்கள். பிறகு புதிதாக வீடு கட்டினால் பட்டியலில் அடுத்து எது வருகிறதோ அது. அதனால் பழைய வீடு 14-க்கும் 15-க்கும் நடுவே காலி மனையில் எழும்பிய புது வீடு 212 ஆக இருக்கலாம். தபால்காரர் பாடு திண்டாட்டம்தான். அதைச் சரிசெய்யத்தான் நகரங்களில் தெருவாரியான இரண்டாவது எண் வந்தது. பிராக்கில் வாசலில் இரண்டு தகடுகள் இருக்கும்: சிவப்பில் ஊர் எண், நீலத்தில் தெரு எண். முகவரியில் சாய்கோட்டுக்கு முன்னால் வருவது சிவப்பு, பின்னால் வருவது நீலம்.

சின்னக் கிராமங்களில் இன்றும் பல இடங்களில் தெருவுக்குப் பெயரே கிடையாது. ஊர்ப் பெயர், ஒரு எண், அவ்வளவுதான் முகவரி.

இப்போது ஒரு வேடிக்கை. பிராக்கின் பழைய நகர மண்டபம், வானியல் கடிகாரம் உள்ள அதே கட்டடம், ‘பழைய நகரம்’ என்ற ஊரின் 1-ஆம் எண். சார்லஸ் சதுக்கத்தில் இருக்கும் புது நகர மண்டபமும் 1-ஆம் எண்தான். அது ‘புது நகர’க் கணக்கில். ஒரே மாநகரத்துக்குள் இரண்டு முதல் வீடுகள். 1784-ல் பேரரசர் இரண்டாம் ஜோசப் பழைய நகரம், புது நகரம், மாலா ஸ்ட்ரானா, ஹ்ராட்சானி ஆகிய நான்கு நகரங்களை ஒரே நகராட்சியாக்கினார். நகர மன்றத்தை ஒன்றாக்கினார்களே தவிர, எண் பட்டியல்களை ஒன்றாக்கவில்லை. பிறகு வந்து சேர்ந்த ஒவ்வோர் ஊரும் தன் 1, 2, 3-ஐத் தூக்கிக்கொண்டுதான் வந்தது.

ஊர், நகரம், பகுதி: எது எது?

புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான். செக் நாட்டில் தன்னாட்சி பெற்ற அடிப்படை அலகுக்கு ‘ஓபெட்ஸ்’ என்று பெயர். 200 பேர் இருக்கும் கிராமமும் ஓபெட்ஸ்தான். 13 லட்சம் பேருக்கு மேல் இருக்கும் பிராக்கும் சட்டப்படி ஓபெட்ஸ்தான். ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுத்த மன்றம், தலைவர், வரவு செலவு உண்டு. ஒரு கோடிக்குச் சற்று மேல் மக்கள் உள்ள நாட்டில் இப்படி ஆறாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை.

‘நகரம்’ என்பது அந்த ஓபெட்ஸுக்குக் கிடைக்கும் பட்டம். இப்போதைய சட்டப்படி 3,000 பேராவது இருந்தால்தான் கேட்க முடியும். ஆனால் பழைய பட்டத்தைப் பிடுங்குவதில்லை. மேற்கே மலைப்பகுதியில் உள்ள ப்ரெபூஸ் என்ற இடத்தில் 100 பேர்கூட இல்லை. ஒரு காலத்தில் தகரச் சுரங்க ஊர் என்பதால் இன்றும் அது நகரம். இதற்கு நேர்மாறாக, 70,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஜிஷ்கோவ் இன்று நகரம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. பிராக்குக்குள் போனதும் பட்டம் போய்விட்டது.

நகரத்துக்குள் அடங்கிய ஊர் மூன்று வடிவங்களில் மிஞ்சலாம். நிலப் பதிவேட்டில் அதன் பழைய எல்லையும் பெயரும் இருக்கும். மனை வாங்கினால் பத்திரத்தில் அந்தப் பெயர் வரும். வீட்டு எண் பட்டியலில் அது ‘ஊரின் பகுதி’ என்று இருக்கும். மூன்றாவது, வாய்த்தால் மட்டும்: தேர்ந்தெடுத்த மன்றத்தோடு ஒரு தன்னாட்சிப் பகுதியாக இருக்கும். முதல் இரண்டும் வெறும் பதிவு. மூன்றாவதில்தான் கொஞ்சம் அதிகாரம் உண்டு. மூன்றின் எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிராக்கில் நிலப் பதிவேட்டுப் பகுதிகள் 112. மன்றம் உள்ள பகுதிகள் 57. இந்தக் கணக்கு இடிக்கிறதே என்று தோன்றினால், நீங்கள் சரியாகத்தான் படிக்கிறீர்கள்.

தண்ணீர், டிராம், கௌரவம்

பிராக்கைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் எனக்குப் பிடித்த ஜோடி வினோஹ்ராடியும் ஜிஷ்கோவும். வினோஹ்ராடி என்றால் ‘திராட்சைத் தோட்டங்கள்’. 14-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் மன்னர் நகர மதிலுக்கு வெளியே திராட்சை போடச் சொன்ன குன்றுகள். 1875-ல் அந்தப் பகுதியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வினோஹ்ராடியாகவே தொடர்ந்தது. மறுபாதி, பக்கத்துக் குன்றில் 1420-ல் சிலுவைப் படையைத் தோற்கடித்த தளபதி ஜிஷ்காவின் பெயரை எடுத்துக்கொண்டு ஜிஷ்கோவ் ஆனது. வினோஹ்ராடிக்கு நகரப் பட்டம் 1879-ல், ஜிஷ்கோவுக்கு 1881-ல்.

அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டதுபோலத்தான். ஆனால் இருவரும் இரண்டு விதமாக வளர்ந்தார்கள். வினோஹ்ராடி வசதி படைத்தவர்களின் ஊர்: அலங்கார முகப்பு வைத்த மாடிவீடுகள், பூங்காக்கள், 1907-ல் திறந்த சொந்த நாடக அரங்கு, 1902-ல் கட்டிய சந்தைக் கட்டடம். ஜிஷ்கோவ் கூலித் தொழிலாளிகளின் ஊர்: நெருக்கமான வாடகை வீடுகள், மூலைக்கு மூலை மதுக்கடை. அங்கே உள்ளவர்கள் தங்கள் பேட்டையை இன்றும் ‘ஜிஷ்கோவ் சுதந்திரக் குடியரசு’ என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்வார்கள். 1910-ல் இரண்டு ஊரிலும் தலா 70,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அப்போது பிராக்கிலேயே சுமார் 2,20,000 பேர்தான். பக்கத்தில் இருந்தவை குக்கிராமங்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

வெளியூர்க்காரர் ஒருவர் நடந்து போனால் எங்கே பிராக் முடிகிறது, எங்கே வினோஹ்ராடி தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. 1874 முதலே மதிலை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தெரு ஒட்டிக்கொண்டது, நிர்வாகம் மட்டும் ஒட்டவில்லை. வினோஹ்ராடி 1890-களில் தானே மின்சாரம் தயாரித்துத் தானே ஒரு டிராம் ஓட்டியது. ஆனால் டிராம் எல்லையில் நின்று திரும்ப முடியாது. ஏறியவர்கள் பிராக்குக்குள் போக வேண்டும். கழிவுநீருக்கு ஊர் எல்லை தெரியாது. குடிநீர்தான் பெரிய பாடம். நகருக்கு வடகிழக்கே கரானி என்ற இடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தில் பிராக், கார்லீன், ஸ்மீஹோவ், வினோஹ்ராடி, ஜிஷ்கோவ் ஐந்தும் சேர்ந்துதான் இறங்கின. 1914-ல் தண்ணீர் வந்தது. ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கும் ஐந்து ஊருக்கு ஐந்து தனித்தனி மேயர் எதற்கு என்ற கேள்வி அதற்குப் பிறகு வலுப்பட்டிருந்தால் ஆச்சரியம் இல்லை.

இதற்கு முன்பே சில ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருந்தன: 1883-ல் விஷெஹ்ராட், 1884-ல் ஹோலெஷோவிட்சே, 1901-ல் லிபென். லிபென் கதை கொஞ்சம் பாவம். அதற்கு நகரப் பட்டம் கிடைத்ததே 1898-ல். மூன்று வருஷம் நகரமாக இருந்துவிட்டு பிராக்கின் எட்டாவது வார்டு ஆகிவிட்டது. அதன் பழைய சிற்றரண்மனையில்தான் இன்றைய ‘பிராக் 8’ பகுதியின் அலுவலகம் இயங்குகிறது.

பெரிய பாய்ச்சல் 1922 ஜனவரி 1. முதல் உலகப்போர் முடிந்து செக்கோஸ்லோவாகியா பிறந்திருந்தது. புது நாட்டுக்குப் பெரிய தலைநகரம் வேண்டியிருந்தது. 1920-ல் போட்ட சட்டம் அன்று நடைமுறைக்கு வந்து, 37 ஊர்கள் ஒரே நாளில் பிராக்குக்குள் போயின. 21 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 172 ஆனது. மக்கள்தொகை 6,76,000-க்கு எகிறியது. ‘பெரும் பிராக்’ என்று இதற்குப் பெயர். சேர்ந்தவற்றில் வினோஹ்ராடி, ஜிஷ்கோவ் போன்ற பெரிய நகரங்களும் இருந்தன. வயலும் செங்கல் சூளையும் மட்டுமே இருந்த கிராமங்களும் இருந்தன.

மறுநாளே ஒரு சில்லறைத் தொல்லை. மதச் சீர்திருத்தவாதி ஹுஸ் பெயரில், வரலாற்றாசிரியர் பாலாட்ஸ்கி பெயரில், கல்வியாளர் கொமென்ஸ்கி பெயரில் தெரு இல்லாத செக் நகரத்தைப் பார்ப்பது அரிது. ஒன்று சேர்ந்ததும் ஒரே நகரத்துக்குள் அதே பெயரில் பல தெருக்கள். ஏராளமான தெருக்களுக்குப் பெயர் மாற்ற வேண்டியதாயிற்று.

தெருப் பெயர் எவ்வளவு நிலையில்லாதது என்பதற்கு வினோஹ்ராடியின் பிரதான சாலையைப் பார்த்தால் போதும். 1920-ல் அதற்கு பிரெஞ்சுத் தளபதி ஃபோஷ் பெயர். 1940-ல் நாஜிகள் வந்து பிரஷ்யத் தளபதி ஷ்வெரின் பெயரை வைத்தார்கள். போர் முடிந்து ஃபோஷ் திரும்பினார். 1946-ல் ஸ்டாலின் வந்தார். 1962-ல் ஸ்டாலினை இறக்கிவிட்டு ‘வினோஹ்ராட்ஸ்கா’, அதாவது வினோஹ்ராடிச் சாலை என்று வைத்தார்கள். அந்தச் சாலையில்தான் செக் வானொலியின் தலைமைக் கட்டடம் இருக்கிறது, 1930-களில் கட்டியது. நாஜிகளுக்கு எதிரான 1945 மே எழுச்சியிலும் சோவியத் தலைமையிலான 1968 ஆகஸ்ட் படையெடுப்பிலும் அதன் வாசலில் ஆட்கள் செத்தார்கள். முகவரி: வினோஹ்ராட்ஸ்கா 1409/12. தளபதிகளும் ஸ்டாலினும் வந்து போனார்கள். 1409 என்பது வினோஹ்ராடி ஊரின் எண். அதைத் தொட யாருக்கும் தேவை இருக்கவில்லை.

1960-ல் பிராக்கை 10 வட்டங்களாக வெட்டியபோது பழைய ஊர் எல்லைகளைப் பொருட்படுத்தவில்லை. வினோஹ்ராடியின் பெரும்பகுதி பிராக் 2, 3, 10 என்று மூன்றாகச் சிதறியது. அதனால் தெருமுனைச் சிவப்புப் பலகையில் தெருப் பெயரோடு சின்ன எழுத்தில் ‘வினோஹ்ராடி – பிராக் 2’ என்றும், கொஞ்ச தூரம் நடந்தால் ‘வினோஹ்ராடி – பிராக் 3’ என்றும் போட்டிருக்கும். முதல் பாதி பழைய ஊர், இரண்டாம் பாதி இன்றைய நிர்வாகம். யாரிடமாவது எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் முதல் பாதிதான் பதிலாக வரும்.

கால்பந்து இதில் ஒரு கடைசி அரண். 1903-ல் தொடங்கிய விக்டோரியா ஜிஷ்கோவ் கிளப் இன்றும் அதே பெயரில் ஆடுகிறது. ஊர் போய் ஆறு வருஷம் கழித்து, 1928-ல், நாட்டின் சாம்பியன் ஆனது.

பிர்னோவில் கணக்கு வேறு

நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான பிர்னோ, பிராக்குக்கு மூன்று வருஷம் முன்பே, 1919 ஏப்ரலில் பெரிதாகிவிட்டது. 23 ஊர்கள் சேர்ந்தன. அதில் க்ராலோவோ போலே, ஹுசோவிட்சே என்ற இரண்டு நகரங்களும் அடக்கம். சுமார் 1,30,000 ஆக இருந்த மக்கள்தொகை 2,20,000-ஐ எட்டியது.

வெளியிலிருந்து பார்த்தால் பிராக் மாதிரியேதான். உள்ளே இருந்தது மொழி அரசியல். 1910 கணக்கெடுப்பின்படி பழைய பிர்னோ நகரத்தில் மூன்றில் இரண்டு பங்குபோல ஜெர்மன் பேசுபவர்கள். நகர மன்றம் அவர்கள் கையில் இருந்தது. சுற்றி இருந்த தொழிலாளர் ஊர்களில் பெரும்பாலும் செக் பேசுபவர்கள். ஊர்களை உள்ளே இழுத்தால் பெரும்பான்மை புரண்டுவிடும். புரண்டது. ஓலோமோட்ஸ் நகரிலும் அதே வருஷம் அதே உத்தி. ஒரு தேர்தல்கூட நடத்தாமல், எல்லைக்கோட்டை நகர்த்தியே ஒரு நகரத்தின் மொழியை மாற்ற முடியும் என்பதற்கு இவை நல்ல உதாரணங்கள். இதை வெறும் ‘நகர விரிவாக்கம்’ என்று எழுதிவிட்டுப் போகும் சுற்றுலாக் கையேடுகளைப் பார்க்கும்போது கொஞ்சம் எரிச்சல் வரும்.

க்ராலோவோ போலே என்றால் ‘அரசனின் வயல்’. அதற்கு நகரப் பட்டம் 1905-ல் கிடைத்தது. 14 வருஷம் தனி நகரமாக இருந்தது. இன்று ‘பிர்னோ-க்ராலோவோ போலே’ என்ற பெயரில் மன்றமும் தலைவரும் உண்டு. பிர்னோவில் இப்படி 29 பகுதிகள். கிழக்கு ஓரத்து லீஷென் போன்ற பழைய ஊர்களில் ‘ஹோடி’ என்ற ஊர்த் திருவிழா இன்றும் நடக்கிறது. உயரமான மரத்தைப் பட்டை உரித்து, உச்சியில் மட்டும் பச்சையை விட்டு, அலங்கரித்து நட்டு, அதைச் சுற்றிப் பாரம்பரிய உடையில் இளைஞர்கள் ஆடுவார்கள். பின்னணியில் டிராம் ஓடிக்கொண்டிருக்கும்.

மந்தைக்குப் பின்னால் அடுக்குமாடி

கம்யூனிஸ்ட் ஆட்சியில் பிராக் இன்னும் இரண்டு தடவை வாயைத் திறந்தது. 1968-ல் 21 ஊர்கள், 1974-ல் 30 ஊர்கள். பரப்பளவு 496 சதுர கிலோமீட்டர் ஆனது. இன்றும் அதே அளவுதான். இந்தத் தடவை காரணம் வீட்டுப் பஞ்சம். ஆயத்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டும் ‘பனெலாக்’ குடியிருப்புகளுக்குப் பரந்த நிலம் வேண்டும். கிராம வயல்கள் அதற்குத் தோது.

தென்கிழக்கில் ஹோடோவ், ஹாயே என்ற கிராமங்களின் நிலத்தில் ‘தெற்கு நகரம்’ என்ற மாபெரும் குடியிருப்பு எழும்பியது. அங்கே மெட்ரோ வந்தபோது நிலையங்களுக்குக் கிராமப் பெயர் வைக்கவில்லை. ஒரு நிலையம் ‘கட்டுபவர்கள்’, ஒன்று ‘விண்வெளி வீரர்கள்’. 1989-ல் ஆட்சி கவிழ்ந்தது; 1990 பிப்ரவரியில் ‘கட்டுபவர்கள்’ ஹோடோவ் ஆனது, ‘விண்வெளி வீரர்கள்’ ஹாயே ஆனது. ஹாயே என்றால் ‘தோப்புகள்’. நிலையத்துக்கு வெளியே இரண்டு விண்வெளி வீரர்களின் சிலை மட்டும் இன்னும் நிற்கிறது. அதில் ஒருவர் 1978-ல் விண்வெளிக்குப் போன முதல் செக்கோஸ்லோவாக்கியர் விளாடிமிர் ரெமெக். சுற்றிலும் அடுக்குமாடி, பெயரில் தோப்பு, வாசலில் விண்வெளி. ஒரு ஊர் மூன்று காலத்தை ஒரே இடத்தில் வைத்திருப்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைப்பது அரிது.

இப்படிப்பட்ட இடங்களில் பழைய கிராமத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: ‘நாவெஸ்’ எங்கே என்று தேடுவது. நாவெஸ் என்பது நம் ஊர் மந்தை மாதிரி, கிராமத்தின் நடுவே உள்ள பொது இடம். மேற்கே ஸ்டோடூல்கியை எடுத்துக்கொள்வோம். பெயரின் பொருள் ‘சின்னக் களஞ்சியங்கள்’. அதே பெயரில் மெட்ரோ நிலையம் உண்டு, சுற்றிப் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு உண்டு. ஆனால் பழைய மையத்துக்குப் போனால் உயரம் சட்டென்று குறைந்துவிடும். சுண்ணாம்பு அடித்த தாழ்ந்த பண்ணை வீடுகள், மாட்டு வண்டி நுழையும் அகலத்துக்கு வளைவு வைத்த வாசல்கள். பொதுவாக ஒரு நாவெஸில் சிறு கோயில் அல்லது மணிக்கூண்டு, எலுமிச்சைக்குச் சம்பந்தமே இல்லாத ‘லைம்’ என்ற நிழல் மரம் ஒன்றிரண்டு, தீயணைக்கத் தண்ணீர் தேக்கிய குளம், மதுக்கடை, தன்னார்வத் தீயணைப்புப் படையின் கொட்டகை இருக்கும். முதல் உலகப்போரில் செத்த உள்ளூர்ப் பையன்களின் பெயர் வெட்டிய கல்லும் இருக்கும். அந்தக் கல்லில் உள்ள பெயர்கள் எல்லாம் அந்த ஒரு கிராமத்தின் பெயர்கள். பக்கத்தில் வீட்டு எண்களைப் பாருங்கள்: 3, 7, 12 என்று சின்ன எண்கள் கூட்டமாக இருந்தால் கிராமத்தின் பழைய மையத்தில் நிற்கிறீர்கள், 2,000-ஐத் தாண்டினால் குடியிருப்புக்குள் வந்துவிட்டீர்கள்.

வாங்கிய வயலில் எல்லாம் வீடு கட்டி முடிக்கவில்லை. 1974-ல் சேர்ந்த பல கிராமங்கள் இன்றும் கிராமங்களாகவே இருக்கின்றன. பிராக்கின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குபோல இன்னும் விவசாய நிலம்தான் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

பெரியதுக்கு எண், சின்னதுக்குப் பெயர்

1990-ல் பிராக்குக்குப் புதிய அமைப்பு வந்தது. இன்று 57 தன்னாட்சிப் பகுதிகள். இதன் அளவு வித்தியாசம்தான் புதியவர்களைத் திகைக்க வைக்கும். பிராக் 4-ல் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள். நகரத்தின் கிழக்கு மூலையில் உள்ள நெட்வெஸீயில் சில நூறு பேர். இரண்டுக்கும் தேர்ந்தெடுத்த மன்றம் உண்டு, ‘ஸ்டாரோஸ்டா’ என்ற தலைவர் உண்டு. மொத்த பிராக்குக்கும் தலைவர் ‘ப்ரிமாட்டோர்’. அவருடைய வரவு செலவிலிருந்து வரும் பங்கில்தான் இந்த 57 பேரும் ஓட்ட வேண்டும். நெட்வெஸீக்காரர்கள் தங்கள் பூங்கா பெஞ்சு பற்றித் தங்கள் மன்றத்தில் முடிவெடுக்கலாம். அரசு சார்பான பல வேலைகளுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ஊரான ‘பிராக் 22’-தான் பொறுப்பு. இதற்காகவே 57-ஐ 22 தொகுப்பாகக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த ‘பிராக் 22’ உண்மையில் ஒரு பழைய நகரம். 1974 வரை தனியாக இருந்தது. அதன் செக் பெயரை உச்சரித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் (உஹ்ர்ஷீன்யெவெஸ், முயன்று பாருங்கள்). தொகுப்புக்குத் தலைமை ஊர் ஆனதும் அதிகாரப்பூர்வப் பெயர் எண்ணாக மாறிவிட்டது. தெற்கே, வல்டாவா ஆற்றங்கரையில், 1292-ல் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் மடாலயம் கட்டிய ஸ்ப்ராஸ்லாவ் இருக்கிறது, பக்கத்தில் ராடோட்டீன். இரண்டும் 1974-ல் ஒரே நாளில் சேர்ந்தவை. ராடோட்டீன் தலைமை ஊராகி ‘பிராக் 16’ என்று பெயர் வாங்கியது. ஸ்ப்ராஸ்லாவுக்குத் தலைமை கிடைக்கவில்லை. அதனால் ‘பிராக்-ஸ்ப்ராஸ்லாவ்’ என்று பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. பதவி உயர்வு வாங்கியவர் பெயரை இழந்தார், வாங்காதவர் வைத்துக்கொண்டார்.

மற்ற நகரங்களில் ஆளுக்கொரு பாணி. ஒஸ்த்ராவாவில் 23 பகுதிகள், பில்சனில் 10. வடக்கே லிபெரெட்ஸ் நகரம்தான் விசித்திரம்: மொத்த நகரத்திலும் தனி மன்றம் உள்ள பகுதி ஒன்றே ஒன்று, வ்ராட்டிஸ்லாவிட்சே. கார் வடிவமைப்பாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷே 1875-ல் பிறந்த ஊர் அது. மற்ற எல்லாப் பகுதிகளையும் நகரம் நேரடியாக நடத்துகிறது. இன்னும் பல நகரங்களில் பகுதி மன்றமே கிடையாது. சேர்ந்த ஊருக்கு மிச்சம் நிலப் பதிவேடும் வீட்டு எண்ணும் மட்டும்தான்.

வெளியே போன ஊர்கள்

உள்ளே போன ஊர் திரும்பி வெளியே வர முடியுமா? முடியும். 1950-ல் நாட்டில் 11,000-க்கு மேல் ஓபெட்ஸ்கள் இருந்தன. கம்யூனிஸ்ட் காலத்தில், குறிப்பாக 1960, 70-களில், சின்னக் கிராமங்களை ‘மைய ஊர்’களோடு கட்டாயமாக இணைத்துக்கொண்டே வந்தார்கள். 1989-ல் சுமார் 4,100 தான் மிச்சம். இணைந்த கிராமத்தில் பள்ளிக்கூடம் மூடும், கடை மூடும், பணமெல்லாம் மையத்துக்குப் போகும். அந்தக் கோபம் உள்ளே கிடந்தது. ஆட்சி மாறியதும் ஊர்கள் வரிசையாகக் கழன்றன. சில வருஷங்களில் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டது. ஒஸ்த்ராவா 1970-களில் சேர்த்துக்கொண்ட கிளிம்கோவிட்சே, வ்ராட்டிமோவ், ஷெனோவ் மூன்றும் அப்போது பிரிந்தவை; மூன்றும் இன்று தனி நகரங்கள்.

இப்போது அவ்வளவு சுலபம் இல்லை. 2000-ல் வந்த நகராட்சிச் சட்டப்படி, பிரிய விரும்பும் பகுதியில் வாக்கெடுப்பு நடத்தி ஜெயிக்க வேண்டும். பிரிந்த பிறகு 1,000 பேராவது இருக்க வேண்டும். அப்படியும் செய்து காட்டியது கிழக்கே ஸ்லீன் நகரத்தின் பகுதியாக இருந்த ஜெலெஹோவிட்சே. வாக்கெடுப்பு நடத்தி, 2009 ஜனவரி 1 அன்று தனி ஊர் ஆனது.

பிரிந்துபோகும் ஊருக்கு வேலை நிறைய: மன்றத் தேர்தல், முத்திரை, வங்கிக் கணக்கு, நகரத்தோடு சொத்துப் பங்கீடு. வீட்டு வாசல் தகடு மட்டும் அந்தப் பட்டியலில் வராது. அந்த எண் நகரத்தின் கணக்கில் ஒரு நாளும் இருந்ததில்லை.